மதுருஸ் விட்ட சாபம்

"ஆணோ பெண்ணோ, அடிமையோ சுதந்திரரோ, என் போர்வையை எடுத்தவருக்குத் தூக்கமும் வரக்கூடாது, சிறுநீரும் பிரியக்கூடாது" என்று ஈயத்தகட்டில் கீறி முடித்தான் செருப்புத் தைக்கும் மதுருஸ். களவு போனால் அம்மனுக்குச் சாபத்தகடு போட மற்றவர்கள் கூலிக்கு எழுதுகிறவனிடம் ஓடுவார்கள். அந்தத் தெருவிலேயே சொந்தக் கையால் சாபம் விடுகிறவன் இவன் ஒருவன்தான்.

"ஏங்க, அந்தப் போர்வை..." என்று வந்தாள் மனைவி வெலோரிகா.

"எழுதுற எடத்துல பேசாத. ஒனக்கு இதெல்லாம் புரியாது."

சாப்பிட்டு, கைகழுவி, நாவிதன் கட்டுஸ் கடையில் தகட்டைக் காட்டிப் பெருமையடித்துவிட்டு, சுலிஸ் அம்மனின் வெந்நீர் ஊற்றில் அதைச் சுருட்டி எறிந்தான். வீடு திரும்பினால் போர்வை கொடியில் காய்கிறது.

"நாத்தம் தாங்கல, வெளுக்கப் போட்டிருந்தேன். சொல்ல வந்தா எங்க விட்டீங்க?"

மதுருஸுக்கு அப்போதுதான் உறைத்தது. எடுத்தவள் இவள்தான்! சாபத்துக்கு விமோசனம்கூட எழுதவில்லையே! அவளிடம் மூச்சுவிடாமல் இரண்டாவது தகட்டைக் கீறி ஊற்றில் போட்டுவிட்டு கட்டுஸிடம் ஓடினான்.

"என்னடா எழுதுன?"

"எடுத்தது ரெகாவோட மக வெலோரிகா, என் பொண்டாட்டி. அவள விட்டுடு தாயேன்னு."

"அட மடையா! இதுவரைக்கும் அம்மனுக்கு ஆளு யாருன்னே தெரியாது. இப்ப தாய் பேரோட சேத்துக் காட்டிக் குடுத்துட்டு வந்திருக்கியே!"

மறுநாள் காலையில் வெலோரிகா கொட்டாவி மேல் கொட்டாவி விட்டாள்.

"தூக்கம் வரலயாம்மா?" என்று ஓடிவந்தான் அவன்.

"எப்படி வரும்? விடியவிடிய ஆணிய வெச்சுக் கீறிக்கிட்டே இருந்தா!"

கீறியது மூன்றாவது தகடு. 'அவள் சாபம் அத்தனையும் எனக்கே வரட்டும், இப்படிக்கு மதுருஸ்.' இவளுக்கு ஒன்று ஆகிவிட்டால் எழுத்தை வைத்துக்கொண்டு நாக்கு வழிப்பதா? ஊற்றுக்குப் போய், கண்ணைத் துடைத்துக்கொண்டு தகட்டை எறிந்தான். உடனே அடிவயிறு கனப்பதுபோல் இருந்தது.

"என்ன செருப்புக்காரரே, மூணாவது தகடா?" என்றாள் படிக்கட்டைப் பெருக்கிக்கொண்டிருந்த கோயில் வேலைக்காரி.

அவன் எல்லாவற்றையும் கொட்டினான். அவள் விளக்குமாற்றைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள்.

"நீங்க மொத தகட்டோட வர்றதுக்கு முன்னாடியே ஒங்க வீட்டம்மா ஓடிவந்து, 'எம் புருஷன் எழுதுற எதையும் கண்டுக்காத தாயே'ன்னு தன் கையாலயே எழுதி, எனக்கு வாசிச்சும் காட்டிட்டுப் போட்டுட்டுப் போயிட்டாங்களே!"