எந்தப் பக்கம் திரும்பினாலும் தெற்கு

"இப்பல்லாம் எவனுக்கும் வாயத் தொறந்து வழி கேக்கத் தெரியல. வாய் எதுக்கு இருக்குது, பாக்கு மெல்லவா?" என்றார் சின்னையன்.

புதுச்சத்திரம் டீக்கடை பெஞ்சில் எதிரே உட்கார்ந்திருந்த சார்லஸ் தலை நிமிரவில்லை. மடியில் ஒரு மேப்பை விரித்துப் போட்டு, அதற்கு மேல் இடது கையை நீட்டி வாட்ச்சைப் பார்த்துக்கொண்டிருந்தான். மணி பார்க்கவில்லை, திசை பார்த்தான்.

வேளாங்கண்ணிக் கொடியேற்றத்துக்குக் காவி கட்டி நடந்து போகும் கடலூர் செம்மண்டலத்துக் கூட்டம் அது. சின்னையன் வருஷா வருஷம் போகிறவர். வழியில் எந்த வண்டியிலும் ஏறுவதில்லை என்று நேர்த்திக்கடன் அவருக்கு. சைக்கிள் கடை வைத்திருந்து மூடியவர். யாரையும் நம்பாதவர். டியூபைத் தண்ணீரில் முக்கி, குமிழ் வந்த பிறகும் சந்தேகத்தில் இன்னொரு தடவை முக்குகிற ஆள்.

சார்லஸ் கூட்டத்துக்குப் புதிது. சிப்காட்டில் ஒரு மருந்துக் கம்பெனியில் சூப்பர்வைசர். சின்னையனின் கடைசி மகள் ஜெயராணியைக் கட்டிக்கொள்ள ஆள் விட்டுக் கேட்டிருந்தான். ஜெயராணிக்குச் சம்மதம். வீட்டில் எல்லாருக்கும் சம்மதம். "எங்கூட வேளாங்கண்ணிக்கு நடந்து வரட்டும், பாத்துட்டுச் சொல்றேன்" என்று சின்னையன் ஒருவர்தான் மாட்டை நிறுத்தி வைத்ததுபோல நிறுத்தி வைத்திருந்தார்.

"அதுல இன்னா தெரியுது?"

"திசை மாமா. வாட்ச்சுக்குள்ளயே காம்பஸ் இருக்குது. சித்தப்பா சிங்கப்பூர்லேர்ந்து கொண்டாந்தாரு. இந்த மேப்பு பிரவுசிங் சென்டர்ல எடுத்தது."

"மாமாங்கறது இன்னும் ஆவல."

"சரிங்க."

"அது கெடக்கட்டும். திசை தெரிஞ்சி இன்னா பண்ணப் போற? ரோடு நேரா சிதம்பரத்துக்குப் போவுது. கண்ணு தெரியாதவன்கூடப் போயிடுவான்."

"ரோட்டுல லாரி ஜாஸ்திங்க. இப்பிடி வயக்காட்டு வழியாத் தெக்கப் பாத்துப் போனா, முட்லூர்கிட்ட ரோட்டுல ஏறிடலாம். கூட்டத்துக்கு முன்னாலயே சிதம்பரம் போயிடலாம்."

சின்னையன் டீயை வைத்துவிட்டு அவனை ஏற இறங்கப் பார்த்தார். ஆளைத் தெரிந்துகொள்ள இதைவிட நல்ல சமயம் வராது என்று பட்டது.

"சிதம்பரத்துல ராமாமிர்தம் வீட்டுப் பந்தல்ல நமக்குச் சாப்பாடு. பந்தி முடியறதுக்குள்ள அந்த வாட்ச்ச வச்சி என்னக் கொண்டுபோயி எலையில உக்கார வச்சிட்டன்னா ஜெயராணி உனக்கு. இல்லன்னா வாட்ச்சக் கட்டிக்கினு ஊருக்குத் திரும்பிடு."

சார்லஸ் பாதி பிஸ்கட்டைக் கீழே வைத்துவிட்டு மேப்பை இன்னொரு தடவை பார்த்தான்.

"அண்ணே, அந்த இடுப்ப வச்சிக்கினு வயக்காட்டுல எதுக்கு?" என்று சவரியம்மாள் குறுக்கே வந்தாள். அவளும் செம்மண்டலந்தான். டானிக், சோப்பு, இடுப்பு வலிக்கு, முட்டி வலிக்கு என்று ஏதாவது ஒன்றை வீடு வீடாக விற்பாள். அவளிடம் வாங்குகிறவர்களை எல்லாம் ஏமாளி என்று வாய் கூசாமல் சொல்லிக்கொண்டிருந்த சின்னையன், போன மாதம் இடுப்பு பிடித்துக்கொண்டதும் ஓசைப்படாமல் ஒரு பெல்ட் வாங்கினார். அவள் அதன் பெருமையை அரைமணி நேரம் சொன்னாள். விற்கிறவள் பேச்சு என்று அவர் காதில் வாங்கவில்லை. வலி குறைந்திருந்தது. அது பெல்ட்டால் என்று அவர் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனாலும் சட்டைக்குள் கட்டிக்கொண்டுதான் நடந்தார்.

"இடுப்புக்கெல்லாம் ஒண்ணுமில்ல. நீ போ," என்று அவளை அதட்டினார். பிறகு சார்லஸிடம் கையை நீட்டினார். "வாட்ச்சக் கழட்டு."

"எதுக்குங்க?"

"உங்கையில இருந்தா உனக்குத் தோதா எதையாவது சொல்லுவ. நான் கட்டிக்கிறேன்."

சார்லஸ் கழற்றிக் கட்டிவிட்டான். இங்கிலீஷ் எழுத்து தெரியாதவருக்குச் சொல்லியும் கொடுத்தான். "பாம்பு மாதிரி நெளிஞ்சிருக்கே, அதான் தெக்கு. அது மேல வந்து நின்னுச்சின்னா மூஞ்சி இருக்கற பக்கம் நேரா நடக்க வேண்டியதுதான்."

கூட்டம் ரோட்டில் போயிற்று. இவர்கள் இரண்டு பேரும் வயலில் இறங்கினார்கள்.

அன்றைக்கு வானம் மூடிக் கிடந்தது. சூரியன் எங்கே என்று தெரியவில்லை. முதல் பிரிவு வந்ததும் சின்னையன் நின்றார். சார்லஸ் எட்டிப் பார்க்காமலிருக்க வாட்ச்சை வயிற்றோடு அணைத்து, மறு கையால் மறைத்துப் பார்த்தார். பாம்பு மேலே நின்றது.

"இப்பிடித்தான்," என்று மூஞ்சி இருந்த பக்கம் நடந்தார்.

"மேப்புல வலது கைப் பக்கமா காட்டுதுங்க."

"மேப்பு காயிதம். இது வாட்ச்சு. நீதான சொன்ன?"

சார்லஸ் மேப்பை மடித்துக்கொண்டான். பெண் கொடுக்க வேண்டியவரிடம் வலது, இடது என்று வாதாட அவனுக்குத் தைரியமில்லை.

அடுத்த பிரிவிலும் பாம்பு மேலேதான். அதற்கடுத்த வாய்க்காலில் பாதை சட்டென்று திரும்பியது. சின்னையனும் திரும்பினார், வாட்ச்சைப் பார்த்தார். பாம்பு மேலே. அவருக்கு ஒரே திருப்தி. தெற்கு இவ்வளவு லேசாகக் கிடைக்கும் என்று அவர் நினைக்கவில்லை.

பாதை ஒரு இறால் பண்ணை முள்வேலியில் போய் முட்டி நின்றது. உள்ளேயிருந்து நாய் குரைத்தது.

சின்னையன் வேலிக்கு முதுகைக் காட்டித் திரும்பிப் பார்த்தார். பாம்பு மேலே. இடது பக்கம் திரும்பினார். பாம்பு மேலே. ஒரு முழுச் சுற்று சுற்றினார். பாம்பு அவரை விடாமல் கூடவே சுற்றி வந்தது.

"தம்பி, இங்க வா. எந்தப் பக்கம் திரும்புனாலும் தெக்குன்னுதே இது. ஊருல மத்த திசையெல்லாம் எங்க போச்சி?"

சார்லஸ் வாட்ச்சை வாங்கி, பத்தடி தள்ளிப் போய் நின்று பார்த்தான். "இப்ப சரியாத்தான் இருக்குது மாமா. தெக்கு உங்களுக்குப் பின்னால இருக்குது."

"எங்கையில ஒண்ணு, உங்கையில ஒண்ணு. ஆளுக்கு ஆளு மாத்திச் சொல்றது இன்னா நாயம்? எங்கிட்டக் குடு."

மறுபடி அவர் கைக்கு வந்ததும் பாம்பு மறுபடி மேலே ஏறிக்கொண்டது.

சார்லஸ் தலையைச் சொறிந்தான். "சில சமயம் அதுக்குக் கொழப்பம் வந்துடும். கைய நீட்டிக் காத்துல எட்டுப் போட்டுக் காட்டுனா சரியாயிடும்னு அது கூட வந்த புக்குல போட்டிருந்திச்சி."

"எட்டா?"

"ஆமாங்க. பெருசா. ஏழெட்டுத் தடவ."

சின்னையன் நாலு பக்கமும் பார்த்தார். யாருமில்லை. கையை நீட்டி எட்டுப் போட ஆரம்பித்தார். கை போன பக்கம் தோள் போனது, தோள் போன பக்கம் தலை போனது. வாட்ச்சை உற்றுப் பார்த்ததில் கண்ணும் கொஞ்சம் மேலே செருகியது.

நாய் குரைத்த சத்தத்துக்கு வெளியே வந்த பண்ணைக் காவல்காரி புஷ்பவள்ளி இதைத்தான் பார்த்தாள்.

"ஐயோ, பெரியவருக்கு இழுத்துக்கிச்சி," என்று ஓடி வந்தாள். சின்னையன் வாயைத் திறப்பதற்குள் அவரை வரப்பில் மல்லாத்தினாள். இடுப்பிலிருந்த கொக்கி வைத்த சாவிக்கொத்தை உருவி அவர் உள்ளங்கையில் வைத்து அமுக்கினாள். வலிப்புக்கு இரும்பு பிடிக்கக் கொடுக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும்.

"கெட்டியாப் புடிங்க. தம்பி, நொரை வருதான்னு பாரு."

"வலிப்பும் இல்ல, ஒண்ணும் இல்ல. எட்டுப் போடறேன்," என்று சின்னையன் திமிறினார்.

"பேச்சு ஒளறுது பாரு. எவ்ளோ நேரமா இப்பிடி இருக்குது?"

"காலையிலேர்ந்துங்க," என்றான் சார்லஸ், வாட்ச்சைப் பற்றிக் கேட்கிறாள் என்று நினைத்து.

சின்னையன் அவளை உதறித் தள்ளிவிட்டு, சாவியை விட்டெறிந்த வேகத்தில் எழுந்து நடந்தார். சார்லஸ் அவளைக் கும்பிட்டுவிட்டுப் பின்னால் ஓடினான்.

இரண்டு வயல் தாண்டியிருப்பார்கள். பின்னால் குரல் கேட்டது.

"யோவ் காவி. நில்லுய்யா."

புஷ்பவள்ளி மூச்சு வாங்க வந்து நின்றாள். "நல்லதுக்குக் காலமில்லன்னுறது சரியாப் போச்சி. சாவிய எடுத்துக்கினு நடந்தா இன்னா அர்த்தம்? மோட்டாரு போடலன்னா அத்தினி எறாலும் செத்து மெதக்கும். மொதலாளிக்கு நீ வந்து பதில் சொல்றியா?"

"உன் சாவி எனக்கு எதுக்கு? அங்கயே தூக்கிப் போட்டுட்டேன்."

"தூக்கிப் போட்டியா? அப்ப இது இன்னா?"

சின்னையன் குனிந்து பார்த்தார். சாவிக்கொத்து அவர் வயிற்றுக்கு மேல், காவிச் சட்டையில் தொங்கிக்கொண்டிருந்தது.

"சாமிக்குப் போறவரு செய்யற வேலையா இது?" என்று அவள் அதைப் பிடுங்கிக்கொண்டு போனாள்.

எழுபதை நெருங்குகிற வயதில் முதல்தடவையாகத் திருட்டுப் பட்டம். சின்னையன் சார்லஸ் பக்கம் திரும்பினார்.

"நீதான மாட்டி உட்ட?"

"நான் எதுக்குங்க மாட்டப் போறேன்?"

"அதத்தான் நானும் யோசிக்கிறேன்."

"கொக்கி வச்ச சாவிங்க. சட்டையில மாட்டியிருக்கும்."

"கொக்கிக்குக் கண்ணு இருக்குது பாரு."

பாம்பு சொன்னபடி சின்னையன் நடந்தார். அவர் சொன்னபடி சார்லஸ் நடந்தான். இரண்டு வாய்க்கால், ஒரு சவுக்குத் தோப்பு, ஒரு சுடுகாடு. கடைசியில் லாரிச் சத்தம் கேட்டது. மேட்டில் ஏறினால் தார் ரோடு. எதிரே ஒரு டீக்கடை.

"சிதம்பரம் வந்துட்டம் போலிருக்குது," என்றார் சின்னையன். "டீக்கடகூட அந்தப் புதுச்சத்திரம் கடையாட்டமே இருக்குது பாரு."

டீக்கடைக்காரர் கிளாஸ் கழுவுவதை நிறுத்தினார். "இன்னா பெரியவரே, திரும்பிட்டீங்க? எதனா மறந்துட்டீங்களா?"

சின்னையன் பெஞ்சில் உட்கார்ந்தார். காலையில் அவர் வைத்த கிளாஸின் வட்டம்கூட இன்னும் அதில் இருந்தது.

உச்சிப்பொழுது தாண்டியாயிற்று. சார்லஸின் செல் அடித்தது. சவரியம்மாள்தான். கூட்டம் போய்ச் சேர்ந்துவிட்டது, கடைசிப் பந்திக்கு இலை போடுகிறார்கள், எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டாள். "பக்கத்துல வந்துட்டம்" என்று சொல்லி வைத்தான்.

சிதம்பரம் மார்க்கெட்டுக்கு ஐஸ் பெட்டி ஏற்றிப் போகிற கலியமூர்த்தியின் டெம்போ அப்போது கடைக்கு வந்து நின்றது. சின்னையன் டெம்போவைப் பார்த்தார். வயிறும் பார்த்தது.

"வேணாங்க," என்றான் சார்லஸ். "உங்க நேர்த்தி கெடக் கூடாது. நடந்தே போவலாம். பந்தி போனா போவட்டும், நான் தோத்ததாவே இருக்கட்டும்."

சின்னையனுக்கு அது பிடிக்கவில்லை. ஒருத்தன் தனக்கு நஷ்டம் வருகிற மாதிரி பேசுகிறான் என்றால் அதற்குள் என்னவோ இருக்கிறது.

"நல்லவன் மாதிரி பேசறவன்கிட்டத்தான் ஜாக்கிரதையா இருக்கணும்," என்று சொல்லிவிட்டு டெம்போவில் ஏறினார்.

ஐஸ் பெட்டிக்கு மேல், தெரிந்தவர் யாரும் பார்க்காமலிருக்கத் துண்டைத் தலையில் போட்டு, வண்டிக்குப் பின்பக்கமாக, வந்த வழியான கடலூர்ப் பக்கம் பார்த்து உட்கார்ந்தார். கொஞ்ச தூரம் போனதும் பழக்கதோஷத்தில் வாட்ச்சை வயிற்றோடு அணைத்துப் பார்த்தார். பாம்பு மேலே. அப்படியென்றால் மூஞ்சிக்கு நேரே தெற்கு, வண்டி வடக்கே போகிறது. கேபினைப் படபடவென்று தட்டி வண்டியை நிறுத்தச் செய்தார்.

"எங்கடா கொண்டு போற எங்கள?"

கலியமூர்த்தி தலையை நீட்டினான். "பெரியவரே, வெள்ளாத்துப் பாலம் தாண்டியாச்சி. அதோ கோபுரம் தெரியுது. வேற எங்க போவணும்?"

சின்னையன் திரும்பிக் கோபுரத்தைப் பார்த்தார். வாட்ச்சைப் பார்த்தார். துண்டை இன்னும் கொஞ்சம் இழுத்து விட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

ராமாமிர்தம் வீட்டுப் பந்தலில் இலை எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஐஸ் தண்ணீர் சொட்டச் சொட்ட டெம்போவிலிருந்து இறங்கிய சின்னையனைச் செம்மண்டலமே பார்த்தது. எத்தனையோ வருஷமாக வண்டி ஏறாத மனுஷன். யாரும் எதுவும் கேட்கவில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

"எல்லாரும் கேட்டுக்குங்க," என்றார். "வாட்ச்சு பொய். அந்தப் பொய்ய நம்பற பையனுக்கு எம்பொண்ணக் குடுத்தா, நாளைக்கி குடும்பத்த எங்க கொண்டுபோயி நிறுத்துவான்? எறாப் பண்ணையில. இந்தச் சம்மந்தம் வேணாம். அவ்ளோதான்."

சார்லஸ் தலையைக் குனிந்துகொண்டான். மேப்பை நாலாக மடித்து, எட்டாக மடித்து, பிறகு கசக்கினான்.

சவரியம்மாளுக்குக் கல்யாணப் பேச்சைவிடத் தன் வியாபாரம் பெரிது. கூட்டத்தில் முக்கால்வாசிப் பேருக்கு இடுப்பு வலி. எல்லார் காதிலும் விழுகிற மாதிரி கேட்டாள்:

"அது போவட்டும்ண்ணே, வயக்காடெல்லாம் சுத்தி வந்தீங்களே, இடுப்பு எதனா வலிச்சிதா? வலிக்காது. சுத்தி இருவது காந்தம் வச்சித் தச்ச பெல்ட்டு, சாவிக்கொத்தப் போட்டாக்கூட இழுத்துப் புடிச்சிக்கும்னு அன்னிக்கே சொன்னேன்ல."

சார்லஸ் மெல்லத் தலையைத் தூக்கினான். அவன் பார்வை சின்னையனின் வயிற்றுக்குப் போனது. அங்கிருந்து வாட்ச்சுக்குப் போனது. மறுபடி வயிற்றுக்கு வந்தது.

"மாமா," என்றான்.

"காந்தம்னா இரும்பத்தான் இழுக்கும். தெக்க எப்பிடி இழுக்கும்? ஆளப் பாரு," என்றார் சின்னையன். பிறகு, கை கழுவும் குழாய் எந்தப் பக்கம் என்று யாரையும் கேட்காமல், வாட்ச்சை வயிற்றோடு அணைத்துப் பார்த்தபடி நேராக நடந்து போனார்.