சினை நரிக்கு அறுநூறு

தொட்டுக்கூடப் பார்க்காமல், இரண்டாயிரம் பனிமான்களின் இறைச்சியிலிருந்து ஒரே பிற்பகலில் விஷத்தை இறக்கிய பெருமை உலகிலேயே எங்கள் உணவுப் பாதுகாப்பு அலுவலகத்துக்குத்தான் உண்டு. அதை முடிவு செய்த கூட்டத்தில், எங்கள் மலைச் சனத்தின் மொழிக்கு மொழிபெயர்ப்பாளனாக உட்கார்ந்து காப்பி குடிக்கும் பாக்கியம் அடியேனுக்குக் கிட்டியது.

போன வருடம் செர்னோபில் அணு உலை வெடித்தபோது, அதன் தூசி மழையோடு எங்கள் நார்வே மலைகளிலும் இறங்கியது. பாசி அதைக் குடித்தது. பாசியைப் பனிமான் தின்றது. பனிமானை, அதை மேய்க்கிற எங்கள் சனம் தின்கிறது. கிலோவுக்கு அறுநூறு பெக்கரல் கதிர்வீச்சு வரை ‘பாதுகாப்பு’. மீறினால் நீலச் சாயம் பூசி, தோலுக்காக நரி வளர்க்கும் பண்ணைக்குத் தீனியாக அனுப்புவோம். முக்கால்வாசி மந்தை நீலமாகிவிட்டது. துணை இயக்குநர் எக்கெர் கலங்கவில்லை. அறுநூறுக்குப் பின்னால் இன்னொரு சுழியைச் சேர்த்தார். செவ்வாய்க்கிழமை விஷமாக இருந்தது புதன்கிழமை விருந்தாயிற்று. நாட்டின் சராசரிக் குடிமகன் வருடத்துக்கு இரண்டு முறைதான் பனிமான் சாப்பிடுகிறான் என்பது அவர் காட்டிய ஆதாரம்.

வியாழக்கிழமை என் சித்தப்பா மகள் மாஹ்கெ வந்தாள். மந்தைக்காரி, ஏழு மாதக் கர்ப்பிணி.

“அண்ணே, அவருகிட்டக் கேளு. நான் ஒரு நாளைக்கே ரெண்டு வேளை திங்கிறேன். இந்த ஆறாயிரம் வயித்துல இருக்கிற பிள்ளைக்கும் சேர்த்துத்தானா?”

எக்கெர் அட்டவணையை மேலும் கீழும் பார்த்தார்.

“சராசரியில இவங்க வரலையே. வேணும்னா கோழி சாப்பிடச் சொல்லுங்க.”

மலைக்குக் கோழி வந்து சேர்வதற்குள் பிள்ளை பிறந்துவிடும் என்றாள் அவள். மொழிபெயர்த்தேன். அவர் மிகுந்த அக்கறையோடு குறித்துக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து நரிப் பண்ணைக்காரரின் கடிதம் வந்தது. இனிமேல் நீல இறைச்சி என்றால் ஆறாயிரத்துக்கு மேல்தானே, சினை நரிகளுக்கு அது ஆகாது, குட்டிகளின் தோல் கெட்டுவிடும் என்று எழுதியிருந்தார். அலுவலகம் பதறிப்போனது. சினை நரிக்கு அறுநூறைத் தாண்டக் கூடாது, சுத்தமான இறைச்சியைக் கிடங்கிலிருந்து அனுப்ப வேண்டும் என்று ஒரு மணி நேரத்தில் உத்தரவும் தயார், விண்ணப்பப் படிவமும் தயார்.

மாஹ்கெ இன்னும் கிளம்பவில்லை. படிவத்தை வாங்கிப் பார்த்தாள்.

“சினையா இருக்கிறது எத்தனைன்னு கேட்டிருக்கு. ஒண்ணுன்னு எழுதுண்ணே.”

“ஏ புள்ள, இது நரிக்கு.”

“தெரியும். எழுது.”

எழுதினேன். வெட்கமாக இருந்தது.

இரண்டே நாளில் அனுமதி வந்தது: ‘மாஹ்கெ பண்ணை. சினை: ஒன்று. குட்டி பிறந்ததும் தோலை ஆய்வுக்குக் காட்டவும்.’ பதினோரு வருடமாக இந்த நாற்காலியில் இருக்கிறேன். மனிதர்களாக மனுப் போட்டு எங்கள் சனத்தில் ஒருவருக்கும் அதுவரை பதில் வந்ததில்லை.