பேரரசின் நான்கு டேபிள்கள்

"சார், பீகார் டேபிள்காரங்க சாம்பார் வாளியத் தூக்கிக் கவுத்துட்டாங்க!" என்று ஓடி வந்தான் வெல்டர் பாக்கியராஜ்.

ஸ்டீவன் டீயைப் பாதியில் வைத்துவிட்டு கேண்டீனுக்கு ஓடினான். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஓர் இரும்புத் தொழிற்சாலையின் தொழிலாளர் நல அலுவலர் அவன். பீகார், ஒடிசா, ஆந்திரா, தமிழ்நாடு என்று நாலு ஊர் ஆட்களையும் ஒற்றுமையாக வைத்திருப்பதுதான் வேலை. வெள்ளிக்கிழமையோடு அவனுடைய ஒப்பந்தம் முடிகிறது. நீட்டிப்பார்களா என்ற கவலையில், மனைவி பிரின்சி சுட்ட தோசையைக்கூடச் சாப்பிடாமல் வந்திருந்தான். இந்த நேரம் பார்த்தா இவர்கள் அடித்துக்கொள்ள வேண்டும்?

அத்திப்பட்டிலிருந்து வரும் மின்சார ரயிலில் அவன் படிப்பதெல்லாம் விண்வெளிப் பேரரசுக் கதைகள். ஒவ்வொரு கிரகத்துக்கும் ஒரு மொழி, ஒரு சாமி. அத்தனை பேரையும் ஒரே சக்கரவர்த்தி எப்படிக் கட்டி மேய்க்கிறான் என்பதில் அவனுக்குத் தீராத யோசனை. அங்கே ஆயிரம் கிரகம், இங்கே நாலு டேபிள். முடியாதா என்ன?

முதலில், பேரரசுக்கு ஒரே சட்டம். சாம்பார், பருப்பு, ஆந்திராக்காரர்களின் கோங்குராக் கீரை எல்லாவற்றையும் சேர்த்து ஒரே குழம்பாக வைக்கச் சொன்னான்.

"இன்னா சார் இது, பெனாயில் கணக்கா கீது?" என்றான் பாக்கியராஜ். அதையே ஒருவன் இந்தியில் சொன்னான், இன்னொருவன் ஒடியாவில் சொன்னான்.

சரி, கிரகங்களுக்குத் தன்னாட்சி. ஆளுக்கொரு மூலை ஒதுக்கினான். குடிதண்ணீர்க் குழாய் ஒடிசா எல்லைக்குள் போய்விட்டது. கை கழுவும் தொட்டி ஆந்திராவுக்குப் போனது. சோற்றுக் கையோடு எல்லையில் தள்ளுமுள்ளு.

"நைனா, இது மா ஏரியா!" என்று தொட்டியை மறித்து நின்றது ஆந்திரா.

அடுத்தது, கிரகங்களின் பேரவை. டேபிளுக்கு ஒரு பிரதிநிதி. கூட்டம் தொடங்குவதற்கு முன்பே தமிழ் டேபிள் இரண்டாக உடைந்தது.

"சோழவரத்துக்குத் தனி சீட்டு வோணும் சார். பொன்னேரிக்காரன் எங்களுக்காக இன்னா பேசிடுவான்?"

மேனேஜர் காயத்ரி ரவுண்ட்ஸ் வரும் நேரமாகப் பார்த்து எல்லோரும் உச்சஸ்தாயியில் கத்தினார்கள். ஸ்டீவனுக்கு அழுகையே வந்துவிட்டது. கதைகளில் வரும் சக்கரவர்த்திகளும் இப்படித்தான் தனியாக நின்றிருப்பார்களோ? தான் பிடித்துக்கொண்டிருப்பதால்தான் எல்லாம் நிற்கிறது என்று நம்பி, பிடி நழுவுவதைப் பார்த்துக்கொண்டு?

வெள்ளிக்கிழமை மேடம் கூப்பிட்டார். அவன் அடையாள அட்டையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டே உள்ளே போனான்.

"இன்னும் ரெண்டு வருஷம் நீட்டிச்சிருக்கேன் ஸ்டீவன்," என்றார் மேடம். "நீங்க இருக்கும்போதே இப்படி அடிச்சிக்கிறாங்க. நீங்களும் இல்லன்னா கம்பெனியையே கொளுத்திடுவாங்க போல."

ஒன்றும் புரியாமல் கேண்டீனுக்கு வந்தான். டேபிள்களை ஒன்றாக இழுத்துப் போட்டு, ஒருவர் தட்டிலிருந்து இன்னொருவர் எடுத்துத் தின்றபடி நாலு ஊரும் சிரித்துக்கொண்டிருந்தது. தட்டு கழுவும் மணியம்மாள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு அவன் பக்கத்தில் வந்தாள்.

"வேல தங்குச்சா சார்? சண்டையே இல்லாத எடத்துக்கு இந்தாளு எதுக்குன்னு மேடம் போன்ல பேசிக்கினு இருந்தாங்க, நான்தான் பசங்க கிட்ட சொன்னேன். அன்னிலேர்ந்து டெய்லி எல்லாரும் ஒண்ணா குந்திக்கினு, நாளைக்கு இன்னாத்துக்கு சண்ட போடலாம்னு பேசி முடிச்சிட்டுத்தான் ரூமுக்கே போறாங்க!"