நெற்றிக் காசு தோஷம்

ஞாயிற்றுக்கிழமை காலையில் சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவின் அந்த மாடிப்படியில் ஏறப் பணம் கட்டி டோக்கன் வாங்க வேண்டும். மேலே கோயில் இல்லை. பிரியாணிக் கடையும் இல்லை. நாணயச் சாமி உட்கார்ந்திருக்கிறார்.

கீழ்த்தளத்தில் நகைக்கடை. அதற்கு மேலே ஊருக்குப் பணம் அனுப்பும் கடை. அதற்கும் மேலே சாமி. இரண்டு தளங்களிலும் தப்பித்த காசு மூன்றாவதில் தப்பாது.

பழைய காசு வைத்திருக்கும் யாரும் வரலாம். காசின் மேல் சாமி ஒரு கல்லைத் தொங்கவிடுவார். கல் வட்டமாகச் சுற்றினால் லட்சுமி. காசு வீட்டிலேயே இருக்க வேண்டும். நேர்கோட்டில் ஆடினால் தோஷம். சாமியிடம் ஒப்படைக்க வேண்டும். அவர் ஒரு பரிகாரத் தொகை கொடுத்து வாங்கி, சாங்கிப் பக்கம் கடலில் கரைத்துவிடுவார். உலோகத்தைக் கரைக்கும் கடல் எது என்று வரிசையில் நின்ற அறுபது பேரில் ஒருவரும் கேட்டதில்லை. பட்டம் வாங்கியவர்கள் அதில் பத்துப் பேராவது இருப்பார்கள்.

வரிசையில் கதைகளுக்குப் பஞ்சமில்லை. பொங்கோலில் ஒருத்தர் சாமி சொன்னபடி வைத்திருந்து ஒரே ஒரு செப்புக்காசை நாற்பதாயிரம் சிங்கப்பூர் வெள்ளிக்கு விற்றாராம். அவர் பெயர் யாருக்கும் தெரியாது. ப்ளாக் நம்பரும் தெரியாது. ஆனால் தொகை எல்லாருக்கும் தெரியும். படியின் அடியில் நாற்பதாயிரமாக இருந்தது, கதவை நெருங்கும்போது அறுபதாயிரம் ஆகியிருந்தது.

சாமியின் பூர்வாசிரமப் பெயர் கதிரேசன். மூன்று வருடம் முன்பு ஜூரோங்கில் வீடு வீடாகத் தண்ணீர் வடிகட்டி விற்றார். அப்போது தோஷம் தண்ணீரில் இருந்தது.

இந்த வரிசையில்தான் மாசிலாமணி நின்றார், கையில் ஒரு பிஸ்கட் டின்னோடு. முப்பத்திரண்டு வருடம் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். டின்னுக்குள் நாற்பத்தாறு காசுகள். அத்தனையும் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கியவை. அவற்றை விற்க வந்ததற்குக் காரணம் பக்கத்தில் நின்றது. மனைவி பூவம்மா. மூன்று வருடமாக அவளுக்கு இரண்டு காதும் கேட்காது. செவிக்கருவி ஒரு ஜோடி நாலாயிரத்து இருநூறு வெள்ளி என்று கிளினிக்கில் சொல்லியிருந்தார்கள். அதுவரை மாசிலாமணி பேச வேண்டியதையெல்லாம் விழாத 4D லாட்டரிச் சீட்டுகளின் பின்பக்கம் எழுதிக் காட்டிக்கொண்டிருந்தார். சீட்டுக்கு மட்டும் அந்த வீட்டில் குறைவே இல்லை.

உள்ளே ஊதுபத்திப் புகை, ஸ்பீக்கரில் மந்திரம். சாமிக்குப் பக்கத்தில் காரியதரிசி இராசேஸ்வரி அம்மாள், மூக்கு நுனியில் கண்ணாடி, மடியில் ஐபேட். ஒவ்வொரு காசையும் வெள்ளைத் துணியில் வாங்கி, ஐபேட்டில் அதன் ‘ஜாதகம்’ பதிவார். பிறகு பூஜை மணியை ஆட்டுவார். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். கல் ஆடத் தொடங்கும்.

முப்பத்தொரு காசில் கல் நேராக ஆடியது. அந்த முப்பத்தொன்றும் வெள்ளி உலோகத்தில் அடித்த நாணயங்கள். மீதிப் பதினைந்தும் நிக்கலும் செம்பும். அவற்றில் லட்சுமி குடியிருந்தாள். லட்சுமியின் ரசனையைப் பற்றி நமக்கெதற்கு.

சாமி கண்ணை மூடினார். “இதெல்லாம் நெற்றிக் காசு. பொணத்தோட நெத்தியில ஒட்டி வச்சு எடுத்தது. எப்படியோ உங்க கைக்கு வந்திருக்கு.”

காசு எதற்காக விற்கப் போகிறார் என்று விசாரித்தார். மாசிலாமணி வெள்ளந்தியாகச் சொல்லிவிட்டார்.

“செவிக்கருவியா? இந்தக் காசுல வாங்கினா அம்மாவுக்குக் காது கேக்கும். ஆனா பேசறது நீங்களா இருக்காது. அந்த நெத்திக்காரங்க பேசுவாங்க.”

மாசிலாமணி சட்டென்று டின்னிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். முப்பத்தொன்றுக்கும் சேர்த்து நானூற்றைம்பது வெள்ளி தருவதாகச் சாமி சொன்னார். ஆனால் இல்லாள் தன் கையால் கொடுத்தால்தான் தோஷம் கழியுமாம். அடுத்த ஞாயிறு வரை அவகாசம்.

கீழே காப்பிக் கடையில் நுரை பொங்க ஆற்றிய தே தாரேக் டீ வந்தது. மாசிலாமணி விஷயத்தை எழுதிக் காட்டினார். அதற்கு நான்கு சீட்டு ஆயிற்று. பூவம்மா படித்துவிட்டு, காது கேட்காதவர்களுக்கே உரிய உரத்த குரலில் பேசினாள். மூன்று மேசை திரும்பிப் பார்த்தது.

“நீங்க எல்லாரும் மந்திரம் கேட்டுக்கிட்டு இருந்தீங்க. எனக்குத்தான் கேக்கலையே, நான் கையைப் பாத்தேன். அந்தம்மா ஐபேட்ல விலைப்பட்டியல் மாதிரி எதையோ பாக்குது. அப்புறம் மணியைத் தூக்குது. ஒரு ஆட்டு ஆட்டினா கல்லு சுத்துது. ரெண்டு ஆட்டினா நேரா ஆடுது. சாமி காசைப் பாக்கவே இல்லீங்க.”

மாசிலாமணி ஐந்தாவது சீட்டில் ஒரே வார்த்தை எழுதினார்: “பக்தி.”

மறுநாள் அவள் அவரை டின்னோடு இழுத்துக்கொண்டு பழங்காசு வியாபாரி நாகூர் கனியிடம் போனாள். பழைய வணிக வளாகம் ஒன்றின் அடித்தளத்தில் பெட்டி மாதிரி ஒரு கடை. அங்கே கல் இல்லை, மணி இல்லை. ஒரு தராசும் ஒரு உருப்பெருக்கிக் கண்ணாடியும் இருந்தன. கனி ஒவ்வொரு காசாக எடை போட்டார். அதில் எவ்வளவு வெள்ளி உலோகம், இன்றைக்கு அதன் விலை என்ன என்று கணக்கிட்டு, அதற்குக் கீழே யார் கேட்டாலும் எழுந்து வந்துவிடுங்கள் என்றார். அதற்கு மேலே கிடைப்பது வருடத்தையும் தேய்மானத்தையும் பொறுத்தது. இணையத்தில் கேட்கிற விலையைப் பார்க்காதீர்கள், அது ஆசை. விற்று முடிந்த விலையைப் பாருங்கள் என்று அதையும் திறந்து காட்டினார்.

பிறகு ஒரு காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

“இதையெல்லாம் யாருண்ணே குளிப்பாட்டினது?”

மாசிலாமணி பெருமையோடு ஒப்புக்கொண்டார். வருடா வருடம் ஆயுத பூஜைக்கு, குத்துவிளக்கு தேய்க்கும்போது, கூடவே புளியும் விபூதியும் போட்டு அவர்தான் தேய்த்தார். பளபளவென்று இருக்குமே.

“பளபளப்புக்குப் பாத்திரக் கடைக்குப் போவாங்கண்ணே. சேகரிக்கிறவன் அந்தப் பழைய நிறத்துக்குத்தான் காசு கொடுப்பான். தேய்க்காம இருந்தா அஞ்சாயிரம் தாண்டியிருக்கும். இப்ப நான் மூவாயிரத்து முந்நூறு தருவேன். இந்தக் காசுக்குப் பிடிச்ச தோஷம் உங்க புளிதான்.” டின்னை மூடித் திருப்பிக் கொடுத்துச் சொன்னார்: “என் பேச்சை மட்டும் கேட்டு வித்துராதீங்க. இன்னும் ரெண்டு கடை ஏறி இறங்குங்க.”

நியாயமான விலை தெரிந்துவிட்டது. கதை முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. ஏனென்றால் விலை தெரிந்தால் பயம் போய்விடுவதில்லை. ரயிலில் மாசிலாமணி ஒரு சீட்டு எழுதினார்: “மூவாயிரத்துக்கு வித்து, உன் காதுல பொணம் பேசினா?” டின்னை மார்போடு அணைத்துக்கொண்டார். ஞாயிறன்று சாமிக்கே கொடுத்துவிடுவதென்று அவர் முடிவு பண்ணிவிட்டது அவர் உட்கார்ந்த விதத்திலேயே தெரிந்தது.

பூவம்மா வாதாடவில்லை. வீட்டுக்கு வந்து, சீனப் புத்தாண்டில் பணம் வைத்துக் கொடுக்கிற சிவப்பு அங்பாவ் உறைகளில் மிஞ்சிய மூன்றை எடுத்து, எதையோ போட்டுப் பசை தடவி ஒட்டினாள்.

ஞாயிறு. டோக்கன் ஐம்பத்தேழு. இல்லாளே டின்னோடு வருவதைப் பார்த்ததும் சாமியின் முகம் மலர்ந்தது. பூவம்மா உட்கார்ந்தாள். முதல் காரியமாக, இராசேஸ்வரி அம்மாள் முன்னால் இருந்த மணியை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

“இது என்கிட்ட இருக்கட்டும். எனக்குத்தான் கேக்காதே, கையிலயாவது இருக்கட்டும்.”

பிறகு மூன்று உறைகளையும் வைத்தாள். பிரிக்காமல் பார்த்துச் சொல்ல வேண்டும் என்றாள். இதில் தோஷம் இருந்தால் டின் மொத்தமும் சாமிக்கு, நானூற்றைம்பதுகூட வேண்டாம்.

உறைக்குள் சக்தி அடைபடும் என்று சாமி இழுத்தார். வரிசையில் நின்ற கப்பல் பட்டறைத் தொழிலாளி அசோக் சுவரைப் பார்த்தான். அங்கே பெரிய எழுத்தில் விளம்பரம்: கடல் கடந்த காசும் வீடியோ அழைப்பில் பார்க்கப்படும், முப்பது வெள்ளி.

“சாமி, கடல் கடந்தே பாக்கறீங்க. இது வெறும் காகிதம்லா.”

சிலர் சிரித்தார்கள். சாமி கல்லைத் தூக்கினார். முதல் உறையில் வட்டம்; லட்சுமி. இரண்டாவதிலும் லட்சுமி. மூன்றாவதில் கை தயங்கியது. டின் கண்ணெதிரே இருந்தது. இராசேஸ்வரி அம்மாளோ ஐபேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் உறைக்கு ஜாதகம் இல்லை.

பூவம்மா மணியை எடுத்து இரண்டு முறை ஆட்டினாள்.

கல் உடனே நேர்கோட்டில் ஆடியது. “எழுபது வருஷம் முன்னாடி செத்த ஆம்பளை,” என்று சாமி கண்ணை மூடி முழங்கினார். “நெத்தியில இருந்த காசு. தொடாமலே என் கை எரியுது.”

பூவம்மா இப்போது ஒரே ஒரு முறை ஆட்டினாள். முழக்கம் நிற்கவில்லை. ஆனால் கை, பழகிய மாடு கொட்டகைக்குத் திரும்புவது போல, வட்டமாகச் சுற்றத் தொடங்கியது. இரண்டு முறை ஆட்டினாள். நேராயிற்று. ஒரு முறை. வட்டம்.

அவள் உறைகளைக் கிழித்துக் கவிழ்த்தாள். மூன்று மஞ்சள் பிளாஸ்டிக் வில்லைகள். பேரங்காடியில் தள்ளுவண்டியின் பூட்டைத் திறக்க நாணயத்துக்குப் பதில் போடுவோமே, அவை.

மாசிலாமணி மூன்றாவதைக் கையில் எடுத்து நெடுநேரம் பார்த்தார். “போன மாசம் அரிசி வாங்கறப்ப இதைத்தான் போட்டேன்,” என்றார் மெதுவாக. அப்புறம் டின்னை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

சாமி அந்த நிமிடமே மௌன விரதம் பூண்டார். கூட்டம் டோக்கன் பணத்தைத் திருப்பிக் கேட்டது. ஒருவர் மட்டும், டோக்கன் ஐம்பத்தெட்டு, சாமி விரதம் முடிக்கும்வரை தன் டோக்கன் செல்லுமா என்று விசாரித்தார்.

மூன்று கடை ஏறி இறங்கியதில் ஒன்று மூவாயிரத்து நானூற்றைம்பது கொடுத்தது. ஜோடிக்குப் போதாது. வலது காதுக்கு மட்டும் இப்போது வாங்கினார்கள். இடது காது மாசிலாமணியின் புளிக்கு அபராதம். மிச்சத்தோடு சேர்த்து அடுத்த வருடம்.

கருவி மாட்டி வீடு திரும்பும்போது பேருந்தில் பூவம்மா தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே வந்தாள். பிணம் எதுவும் பேசவில்லை. பின் இருக்கையில் உயிரோடிருந்த இருவர்தான் பேசினார்கள். கிராஞ்சிப் பக்கம் ஒருத்தர் வந்திருக்காராம், பழைய தபால்தலையை முகர்ந்தே பலன் சொல்றாராம், என் ஃபிரண்டோட ஃபிரண்டு நேர்லயே கேட்டானாம்.

பூவம்மா திரும்பினாள்.

“மூணு வருஷம் கழிச்சு இன்னிக்குத்தான் எனக்குக் காது கேக்குது, தம்பி. ஒண்ணு சொல்றேன். உங்களுக்குக் கேட்டது போதும். இனிமே கண்ணைத் திறந்து பாருங்க.”