டிரையத்லான் அத்தான்

இந்தக் கதையை நான் பல வருஷமாகச் சந்தேகப்பட்டுக்கொண்டிருக்கிறேன். சொன்னவர் பொய் சொல்லக்கூடியவர் இல்லை. அதுதான் சிக்கல். பொய்யர் சொல்லியிருந்தால் அன்றைக்கே சிரித்துவிட்டுத் தூங்கியிருப்பேன். தேவபிரசாதம் அண்ணாச்சி, தூத்துக்குடி துறைமுகத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்தில் எனக்கு மூத்தவர். கன்டெய்னர் நம்பரில் ஒரு சுழி தவறினாலும் சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பார். அப்படிப்பட்டவர் சொல்கிறார். நானும் தலையாட்டுகிறேன். வீட்டுக்குப் போனதும் குழம்புகிறேன். கோளாறு என் புத்தியில்தானோ என்றுகூட யோசித்திருக்கிறேன். எப்படியோ, கேட்டதைக் கேட்டபடி சொல்லிவிடுகிறேன். நான் அந்த அலுவலகத்துக்கு வருவதற்கு முன்னால் நடந்தது இது.

அண்ணாச்சிக்கும் அவர் மைத்துனன் ஜெர்சனுக்கும் பேச்சு கிடையாது. காரணம் சொத்தல்ல, சோறு. ஜெர்சன் கல்யாணத்தில், வீட்டுக்கு மூத்த மாப்பிள்ளையான இவரைக் கையைப் பிடித்து, “அத்தான், சாப்பிட வாங்க” என்று ஒருத்தரும் கூப்பிடவில்லை. முதல் பந்தி போனது. இரண்டாம் பந்தி போனது. இவர் பந்தலில் நாற்காலியோடு நாற்காலியாக இருந்தார். கடைசியில் ஜெர்சனே வந்தான். அப்பாடா, கூப்பிட வந்துவிட்டான் என்று இவருக்கு வயிறு குளிர்ந்தது.

“அத்தான், கொஞ்சம் எந்திரிங்க. அங்கன நாற்காலி பத்தல.”

எழுந்தவர் நேரே வீட்டுக்கு வந்துவிட்டார். பழைய சோற்றையும் ஊறுகாயையும் சாட்சி வைத்துச் சபதம் செய்தார்: “இனி அவன் வீட்டு வாசப்படிய மிதிச்சா என் பேரு தேவபிரசாதம் இல்ல.”

அன்றிலிருந்து அவர் மனைவி இன்பமணி, தம்பி வீட்டு நல்லது எல்லாவற்றுக்கும் தனியாகவே போனாள். “அத்தான் வரலியா?” என்று கேட்பவர்களிடம், “அவங்களுக்குக் காய்ச்சல்” என்பாள். அண்ணாச்சிக்கு அத்தனை காய்ச்சல் வந்தது எந்த டாக்டருக்கும் தெரியாது.

இப்படிப் பல வருஷம் போனபின் ஜெர்சன் முள்ளக்காட்டில் புதுவீடு கட்டினான். பிரதிஷ்டைக்கு, அதாவது குருவானவர் வந்து ஜெபித்து வீடு புகும் சடங்குக்கு, அடுத்த மாசம் ஒரு சனிக்கிழமை நாள் குறித்தாயிற்று. இன்பமணி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். வீட்டில் அதிகம் பேசமாட்டாள். அன்று பேசினாள்.

“இந்த ஒரு தடவ கூட வாங்க. எல்லாரும் சோடியா நிக்கும்போது நான் மட்டும் தனியா நிக்க வெக்கமா இருக்கு.”

அண்ணாச்சி மாட்டிக்கொண்டார். சபதத்தை விட மனசில்லை. அவள் முகத்தைப் பார்த்து மாட்டேன் என்று சொல்லத் தைரியமில்லை. வேண்டியது ஒரு சாக்கு. கர்த்தர் அனுப்பியதுபோல, தெரியாத ஒரு நம்பரிலிருந்து அவர் போனுக்கு ஒரு செய்தி வந்தது. அதே சனிக்கிழமை, தூத்துக்குடியில் குட்டி டிரையத்லான். வயது தடையில்லை.

“ஏளா இன்பம், நான் டிரையத்லான்ல சேந்திருக்கேன்.”

“அது எதுக்குள்ள மருந்து?”

“மருந்தில்லளா, போட்டி. முதல்ல கடல்ல நீச்சல், அப்புறம் சைக்கிள், கடைசியில ஓட்டம்.”

“மாடியில துணி காயப்போடச் சொன்னா நடுப்படியில உக்காந்துக்கிடுவீங்க.”

“அதுக்குத்தான் உடம்பத் தேத்தப்போறேன்.”

“போட்டி என்னைக்கு?”

“அது... வார மாசம் ரெண்டாம் சனிக்கிழம.”

“தம்பி வீட்டுப் பிரதிஷ்ட அன்னைக்கா?”

“அடடே! அன்னைக்கா? எனக்கு நெனப்பே இல்லயே!”

இன்பமணி திருத்திக்கொண்டிருந்த விடைத்தாளுக்கு மார்க் போட்டு முடித்தாள். பிறகு “சரி” என்றாள்.

அவள் சண்டை போட்டால் அண்ணாச்சிக்குப் பயமில்லை. “சரி” என்றால்தான் பயம். ஆனால் ஜெயித்த சந்தோஷத்தில் அன்று பயப்பட மறந்துவிட்டார்.

பயிற்சி தொடங்கியது. ஓட்டத்துக்கு உப்பளத்து ரோடு. முதல் நாள் ஒரு நாய் துரத்தியது. கொஞ்ச தூரத்தில் அதுவே சலித்துப்போய்த் திரும்பி நடந்தது. நீச்சலுக்கு முத்துநகர் கடற்கரை. சின்ன வயசில் நாசரேத்தில் கிணற்றில் குதித்தவர்தான். ஆனால் கிணறு குதித்த இடத்திலேயே இருக்கும். கடல் அப்படியா? கிழக்கே பார்த்து நீந்துவார். தலையைத் தூக்கினால் மேற்கே இருப்பார். சைக்கிளுக்கு, தெருமுனையில் கடை வைத்திருக்கும் முத்துச்செல்வம் ஒரு வண்டியைச் சும்மாவே கொடுத்தான். யாருக்கும் எதையும் சும்மா கொடுக்காதவன். அதையும் அண்ணாச்சி யோசிக்கவில்லை.

இன்பமணியோ காலையில் கூழ், மாலையில் முட்டை என்று கவனித்தாள். “முட்டிய மடக்கி ஓடுங்க” என்று யோசனைகூடச் சொன்னாள். போட்டிக்கு முந்தின நாள் கேட்டாள்:

“சைக்கிள் எந்தப் பக்கம் போகுது?”

“திருச்செந்தூர் ரோடு.”

“அப்ப முள்ளக்காடு வழியாத்தான போகணும்?”

“வழியாத்தான் போவேன். உள்ள வரமாட்டேன்.”

“உங்கள யாரு உள்ள கூப்பிட்டா?”

அண்ணாச்சிக்கு அது சுருக்கென்று தைத்தது. கூப்பிடாததுதானே பிரச்சினையே.

போட்டியன்று காலை கடற்கரையில் மஞ்சள் தொப்பி போட்ட வாலிபர்கள் ஒரு கூட்டம் நின்றது. அண்ணாச்சிக்கும் ஒரு தொப்பி. கண்ணாடியில்லாமல் அவருக்கு கை நீட்டும் தூரத்துக்கு அப்பால் எல்லாம் பனி.

“கண்ணாடியத் தாங்க. கரையேறினதும் தாரேன்” என்று வாங்கிக்கொண்டாள் இன்பமணி.

விசில் அடித்தது. அண்ணாச்சி பாய்ந்தார். இந்த இடத்தை அவர் சொல்லும்போது குரலே மாறிவிடும். ஒருத்தனும் அவரை முந்தவில்லையாம்! மூச்சு வாங்கி, இடுப்பளவு தண்ணீரில் அவர் நின்றபோது பின்னால் வந்த மஞ்சள் தொப்பிகளும் நின்றன. மறுபடி நீந்தினார், அவையும் நீந்தின. கல்யாண மாப்பிள்ளை காருக்குப் பின்னால் வேன்கள் வருமே, அப்படி.

கரையேறினால் இன்பமணியைக் காணோம்.

“எம் பொண்டாட்டி எங்க? எங் கண்ணாடி?”

“அண்ணாச்சி, நேரம் போகுது! நீங்கதான் முதல்ல! சைக்கிள எடுங்க!” என்றது ஒரு குரல்.

வாழ்க்கையில் அவரிடம் அந்த வார்த்தையை யாரும் சொன்னதில்லை. முதல்! கண்ணாடியாவது, பொண்டாட்டியாவது! ஏறி மிதித்தார்.

உப்பு எது, வானம் எது என்று தெரியவில்லை. சாலை மட்டும் கறுப்பாக இருந்தது, அதைப் பிடித்துக்கொண்டு போனார். எதிரே வந்த லாரி, லாரிதானா, மேகமா? ஆரன் அடித்ததால் லாரி. தொடை கழன்றுவிடும் என்கிற நேரத்தில் ஒரு சிவப்புக் கொடி ஆடியது. “இடது பக்கம்! இடது பக்கம்!” திரும்பினார்.

“சைக்கிள விடுங்க! இனி ஓட்டம்!”

ஓடினார். தெருவின் இரண்டு பக்கமும் கைதட்டல். ஒலிபெருக்கி முழங்கியது: “இதோ வந்துகொண்டிருக்கிறார், நாம் ஆவலோடு எதிர்பார்த்த தேவபிரசாதம் அவர்கள்!” அதற்குள் எல்லை வந்துவிட்டதா என்று ஒரு கணம் திகைத்தார். ஆனால் தூரம் குறைந்துவிட்டதே என்று புகார் சொல்லும் நிலைமையில் கால்கள் இல்லை. மங்கலாக ஒரு பலூன் வளைவு. ஆட்டுக்கறி மணம். போட்டியாளர்களுக்கு நல்ல சாப்பாடுதான் போடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டார். அதற்கப்பால், ஆமாம், ரிப்பன்!

நெஞ்சை நிமிர்த்தினார். கண்ணை மூடினார். பாய்ந்தார். ரிப்பன் அறுந்தது. வந்த வேகத்தில் ஏதோ ஒரு படியில் ஏறி, இன்னொன்றைத் தாண்டி, வழவழவென்ற தரையில் வழுக்கிக்கொண்டு போய் நின்றார். யாரோ சால்வை போர்த்தினார்கள். வளையல் போட்ட ஒரு கை அவர் மூக்கில் கண்ணாடியை மாட்டியது.

முதலில் தெரிந்தது சபைக் குருவானவர். கையில் கத்தரிக்கோலை விரித்தபடி, வெட்ட ரிப்பன் இல்லாமல் வாசலுக்கு வெளியே நின்றார். அடுத்துத் தெரிந்தது இன்பமணி. பட்டுச்சேலை.

“இது என்னளா?”

“வீடு.”

“யார் வீடு?”

“நீங்க மிதிக்கமாட்டேன்னு சொன்னீங்கல்லா, அந்த வீடு.”

“நான் எங்களா மிதிச்சேன்? ஓடுதேன்!”

“ஆமா. ஓடோடி வந்தீங்க. சொந்தக்காரங்க எல்லாரும் பாத்தாச்சு.”

“எம் போட்டி?”

“முடிஞ்சுது. நீங்கதான் முதல்.”

திரும்பிப் போகலாமா என்று அண்ணாச்சி வாசலைப் பார்த்தார். வாசலை மறித்து ஜெர்சன் நின்றான். தலை நரைக்கத் தொடங்கியிருந்தது. வந்து, ஈரம் சொட்டும் அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

“அத்தான், சாப்பிட வாங்க. உங்களுக்காவத்தான் முதல் பந்தி காத்துக்கிட்டு இருக்கு.”

அண்ணாச்சி அரைக்கால் சட்டையோடும் மஞ்சள் தொப்பியோடும் போய் முதல் இலையில் உட்கார்ந்தார். சோறு போட வந்தது இன்பமணி. அவர் கேட்காமலே இன்னொரு கரண்டி வைத்தாள். அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்தால் இரண்டு பேருக்கும் மானம் போய்விடும் என்று தோன்றியதாம். குனிந்த தலை நிமிராமல் மூன்று தடவை கறி வாங்கிச் சாப்பிட்டார்.

கதை இதுதான். இதைச் சொல்லி முடிக்கும்போதெல்லாம் அவர் பெருமூச்சு விடுவார். “கண்ணாடி மட்டும் இருந்திருந்தா வழி தவறியிருக்க மாட்டேன். கோப்ப எனக்குத்தான். அத்தன பயலுவளும் எனக்குப் பின்னால வந்தானுவ!” பொண்டாட்டி வழியில் மடக்கிவிட்டாள், அவ்வளவுதான் என்பது அவர் கணக்கு.

எனக்கு அந்தக் கணக்கு நேராகவில்லை. ஊரில் ஓட்டக்காரர்களைக் கேட்டேன். சைக்கிள் கிளப்பில் கேட்டேன். கடற்கரையில் சுண்டல் விற்பவரைக் கூடக் கேட்டேன். எவருக்கும் அப்படி ஒன்று நடந்த ஞாபகமில்லை. கேட்பதா, வேண்டாமா, ஒரு மனுஷனின் ஒரே வெற்றியில் கைவைக்க நான் யார் என்றெல்லாம் மறுகிவிட்டு, போன வாரம் துறைமுக வாசல் டீக்கடையில் கேட்டேவிட்டேன்:

“அண்ணாச்சி, தப்பா எடுத்துக்கிடாதீங்க. அந்தப் போட்டியில, உங்க பொண்டாட்டி வீட்டு ஆளுங்களத் தவிர, வேற யாராவது கலந்துக்கிட்டாங்களா?”