வெள்ளை டயல்காரர்

விடுமுறை நாள் காலையில் உங்கள் தெருவில் நிற்கும் ஒரு காரின் கதவு திறந்திருந்து, அதிலிருந்து இரண்டு கால்கள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், தயவுசெய்து ஆம்புலன்சைக் கூப்பிட்டுவிடாதீர்கள். உள்ளே இருப்பவருக்கு ஒன்றும் ஆகவில்லை. தலை டேஷ்போர்டுக்கு அடியில் இருக்கிறது, முதுகு சீட்டில் இருக்கிறது, ஒரு ஸ்க்ரூ வாயில் இருக்கிறது. மனம் மட்டும் எங்கோ ஒரு பந்தய மைதானத்தில், பல்லாயிரம் பேர் கைதட்டலுக்கு நடுவே இருக்கிறது.

இவர்தான் வெள்ளை டயல்காரர்.

பழைய கார் பைத்தியம் பிடித்தவர்களோடு இவரைச் சேர்த்துவிடக் கூடாது. அவர்கள் எஞ்சினைப் பிரிப்பார்கள், பிரேக்கை மாற்றுவார்கள், முழங்கை வரை கிரீஸ் அப்பிக்கொண்டு சாப்பாட்டுக்கு வருவார்கள். இவர் எஞ்சின் பக்கமே போக மாட்டார். காரின் கூரை ஒழுகும், இடது பக்கக் கதவை வெளியிலிருந்துதான் திறக்க முடியும், ஹாரன் தனக்குத் தோன்றும்போது அடிக்கும். இதையெல்லாம் சரி செய்யக் கூடாதா? செய்யலாம். ஆனால் ஓட்டும்போது கண்ணுக்கு எதிரே இருப்பது கூரையா, கதவா? மீட்டர்கள். அந்த மீட்டர்களின் கறுப்பு டயலை எடுத்துவிட்டு, பந்தயக் காரில் இருப்பது போல் வெள்ளை வெளேரென்று ஒரு டயலை வைத்துவிட்டால், கூரை தானாக ஒழுகாமல் நின்றுவிடும் என்பது இவருடைய நம்பிக்கை.

எங்கள் தெருவிலும் ஒருவர் இருக்கிறார். மருந்துக் கம்பெனிக் கிடங்கில் மேற்பார்வையாளர். நாள் முழுதும் அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே நின்றுவிட்டு மாலையில் வீடு திரும்பும் மனிதர், நாற்பத்தைந்து வயதைத் தாண்டியதும் திடீரென்று, யாரோ விற்கமுடியாமல் வைத்திருந்த சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார். இரண்டே சீட். அன்றிலிருந்து தெருவில் அவருக்கு ரேஸ்காரர் என்று பெயர். கேலியாக வைத்த பெயர்தான். அவர் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டார்.

அவர் மனைவி நர்ஸ். பெரிய வார்டு ஒன்றைப் பல வருஷமாக ஒற்றை ஆளாகத் தூக்கிச் சுமக்கிறவர். தலைமை நர்ஸ் பதவிக்கு நேர்காணல் வரும் என்று காத்துக் காத்து, தனக்கு முன்னாலும் பின்னாலும் வந்தவர்களுக்கெல்லாம் வாழ்த்துச் சொல்லிச் சொல்லி வாய் வலித்துப் போனவர். அந்த நேர்காணல் கடைசியில் வந்தது. பக்கத்து ஊரில், தலைமை ஆஸ்பத்திரியில். அடுத்த வருஷம் என்றால் வயது வரம்பு தாண்டிவிடும். பதவி கிடைத்தால் இந்தத் தடவை, இல்லாவிட்டால் என்றைக்குமே இல்லை.

"நான் பஸ்ல போயிக்கிறேங்க" என்றார் அவர்.

"பஸ்லயா? இப்படி ஒரு வண்டிய வாசல்ல வச்சுக்கிட்டு நீ பஸ்ல போனா, பாக்கறவன் என்னைப் பத்தி என்ன நெனப்பான்?"

நேர்காணல் யாருக்கு என்று நீங்கள் கேட்கலாம். வெள்ளை டயல்காரரிடம் மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

மனைவியை அந்த முக்கியமான நாளில் ராணி மாதிரி கூட்டிப்போக வேண்டும் என்று முடிவு செய்த மனிதர், உடனே என்ன செய்தார்? கதவைச் சரி செய்தாரா? டயரைப் பார்த்தாரா? தபாலில் ஒரு தட்டையான அட்டைப் பெட்டி வரவழைத்தார். உள்ளே, பூப்போல ஒரு காகிதத்தில் சுற்றி, வெள்ளை டயல்கள். கறுப்பு எண்கள். இரவில் நீலமாக ஒளிருமாம். பிறந்த குழந்தையை முதன்முதலாகக் கையில் வாங்குகிறவர்கூட அப்படி மூச்சைப் பிடித்துக்கொண்டு வாங்கியிருக்க மாட்டார்.

பிறகு அறுவை சிகிச்சை. வெள்ளை டயலில் விரல்பட்டால் கறை விழும் என்பதால் மனைவியின் கையுறைப் பெட்டியிலிருந்து இரண்டு கையுறைகள். மீட்டர் முள்ளை நெம்பி எடுக்கச் சமையலறையிலிருந்து இரண்டு கரண்டிகள். மீட்டருக்கு நேரே டார்ச் பிடிக்க மனைவி. மாட்டிய கையுறையோடு அவர் கையை நீட்டுவார், மனைவி ஸ்க்ரூ டிரைவரை உள்ளங்கையில் வைப்பார். வார்டுக்கு வருமுன் நிஜமான ஆபரேஷன் தியேட்டரில் சில வருஷம் இதே வேலையைப் பார்த்த அம்மாளுக்கு, அங்கே இருந்த டாக்டர்கள் எல்லாரும் எவ்வளவு தங்கமானவர்கள் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

"முள்ளை எடுத்துட்டா திரும்ப எந்த எடத்துல வைக்கறதுன்னு தெரியுமா?" என்று கேட்டார்.

"நான் என்ன சின்னப் புள்ளையா? இதோ பாரு, முள் நிக்கிற எடத்துல பென்சில்ல கோடு போட்டிருக்கேன். ரெண்டு மீட்டர்லயும். திரும்ப அதே கோட்டுல வச்சு ஒரு அமுக்கு. முடிஞ்சுது கதை."

எவ்வளவு முன்யோசனை. எவ்வளவு நிதானம். கோடு நேராக, மெல்லியதாக, அழகாக இருந்தது. கறுப்பு டயலின் மேல் இருந்தது. அந்தக் கறுப்பு டயலைத்தான் அவர் அடுத்த நிமிடம் கழற்றி, கோட்டோடு சேர்த்து, குப்பைக் கூடையில் போட்டார்.

வெள்ளை டயல் உட்கார்ந்தது. துளைகள் பொருந்தின. சிவப்பு முள்ளைக் கையில் எடுத்தவர், கோட்டைத் தேடினார். பனி பெய்த மைதானம் மாதிரி இருந்தது டயல். அவர் முகம் அதைவிட வெளுப்பாக இருந்தது.

"ஏம்மா, பெட்ரோல் முள்ளு எங்க இருந்துச்சு?"

"என்னைக் கேட்டா? கோடு போட்டது யாரு?"

"முக்கால்கிட்ட இருந்த மாதிரி ஒரு ஞாபகம்."

பெட்ரோல் விஷயத்தில் மனிதனின் ஞாபகம் எப்போதும் தாராளமானது. உண்மையில் அது கால் டேங்க்கில் இருந்தது. அவர் முக்காலில் வைத்து அமுக்கினார். வேக முள்ளையும் அதே கருணையோடு அமுக்கினார். அது பூஜ்யத்தில் நிற்காமல் கொஞ்சம் மேலே, இருபதில் போய் நின்றது. கடைசியில் ஒரு ஸ்க்ரூ மிச்சமானது. "இது கம்பெனிக்காரன் கூடுதலா போட்டது" என்று அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

மாலையில் மைத்துனன் வந்தான். மனைவியின் தம்பி, ரொட்டித் தொழிற்சாலை வேன் ஓட்டுகிறவன். அவனை உள்ளே உட்கார வைத்து, விளக்கைப் போட்டு, நீல ஒளியில் டயல்களைக் காட்டினார்.

"அத்தான், ஒரு சந்தேகம்."

"கேளு மாப்ளே."

"வண்டி நிக்குது. மீட்டர் இருபதுல போகுதுங்குது."

"அது ரெடியா இருக்குடா. ஸ்போர்ட்ஸ் கார்னா அப்படித்தான்."

"அப்ப நாம இறங்கறதுக்குள்ள வீட்ட தாண்டிப் போயிடுமே."

இந்தப் பேச்சையெல்லாம் அவர் காதில் போட்டுக்கொள்வாரா? அடுத்த நாளே கிடங்கில் அறிவித்துவிட்டார்: வெள்ளை டயல் வைத்த பிறகு வண்டியின் வேகம் கூடிவிட்டது. முன்பெல்லாம் எண்பதுக்கே திணறும், இப்போது நூறைச் சாதாரணமாகத் தொடுகிறது. பெட்ரோலும் மிச்சம். நேற்று முக்கால் டேங்க் இருந்ததாம், இவ்வளவு தூரம் ஓட்டி வந்தும் இப்போதும் முக்கால்தான் இருக்கிறதாம். கேட்டவர்கள் தலையாட்டினார்கள். ஒரு நாள் மீட்டர் நாற்பது காட்டும்போது சைக்கிளில் வந்த காய்கறிக்காரர் ஒருவர் மணியடித்து ஒதுங்கச் சொல்லி முந்திக்கொண்டு போனார். "என்ன வேகத்துல போறான் பாரு" என்று காய்கறிக்காரரைத்தான் இவர் கண்டித்தார்.

இங்கேதான் நாம் இந்த இனத்தின் உயிர்நாடியைப் பிடிக்கிறோம். மீட்டரைத் தன் கையாலேயே பிரித்தவர், முள்ளைத் தன் கையாலேயே தப்பாக வைத்தவர், மறுநாள் அதே முள் காட்டுவதைத் தெய்வ வாக்காக நம்புகிறார். வேறு யாராவது வைத்திருந்தால் சந்தேகப்பட்டிருப்பார்.

நேர்காணலுக்கு முந்தின நாள் மனைவி கேட்டார். "ஏங்க, பெட்ரோல் போட்டாச்சா?"

"எதுக்கு? பாதிக்கு மேல இருக்கு. கொறையவே மாட்டேங்குது."

"எப்ப கெளம்பணும்?"

"நூறுல போவோம். அவசரமே இல்ல, நிதானமா சாப்ட்டுட்டுக் கெளம்பலாம்."

கிளம்பினார்கள். மனைவி இஸ்திரி மடிப்புக் கலையாமல் உட்கார்ந்து, கேட்கக்கூடிய கேள்விகளுக்கு வாய்க்குள்ளேயே பதில் சொல்லிக்கொண்டு வந்தார். ரேஸ்காரர் நூறைத் தொட்டார். அதாவது எண்பதை. ஊருக்கு வெளியே, இரண்டு பக்கமும் வெறும் வயல், ஒரு கடையோ ஆளோ இல்லாத இடத்தில், கார் ஒரு தடவை விக்கியது. மறுபடி விக்கியது. பிறகு ஒரு பெருமூச்சு விட்டு, மிகவும் கௌரவமாக, சாலை ஓரத்தில் நின்றுவிட்டது.

பெட்ரோல் முள் சரியாகப் பாதியில் இருந்தது. வேக முள் இருபதில் இருந்தது.

அவர் சாவியைத் திருப்பினார். டயலை விரலால் தட்டினார். "பெட்ரோல் இருக்கு, அதனால பெட்ரோல் இல்ல" என்றார். பிரச்சினை பெட்ரோல் இல்லை என்று சொல்ல வந்தவர், தவறிப்போய் உண்மையைச் சொல்லிவிட்டார்.

மனைவி திட்டவில்லை. திட்டியிருந்தால் அவர் பிழைத்திருப்பார். கையிலிருந்த சான்றிதழ்ப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு, கண்ணாடிக்கு வெளியே வெறும் சாலையைப் பார்த்தார். இருபது வருஷமாக மற்றவர்களின் வலியைப் பார்த்துக் கலங்காத கண்களில் மெதுவாக நீர் கட்டியது. உள்ளே, பகலென்றும் பாராமல் போட்டு வைத்திருந்த நீல விளக்கு மட்டும் அழகாக எரிந்துகொண்டிருந்தது.

"கதவத் தெறங்க" என்றார். அந்தக் கதவு வெளியிலிருந்துதான் திறக்கும் என்று சொன்னேனே. ரேஸ்காரர் இறங்கி, காரைச் சுற்றி ஓடி வந்து, மந்திரியின் டிரைவர் மாதிரி குனிந்து கதவைத் திறந்துவிட்டார். அந்த ஓட்டத்தில், அந்தக் குனிவில், வாயால் கேட்க வராத மன்னிப்பு எல்லாம் இருந்தது. மனைவி அதைக் கவனித்தார். கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. இறங்கிச் சாலையில் நின்று தம்பிக்குப் போன் செய்தார்.

நல்லவேளை, தம்பியின் ரொட்டி வேன் தினமும் அந்தப் பக்கம்தான் போகும். வந்து நிறுத்தியவன் காரின் உள்ளே எட்டிப் பார்த்தான்.

"என்ன அத்தான், இருபதுல போயிட்டிருக்கீங்களே, ஏன் நடுவழியில இறங்கிட்டீங்க?"

"டேய், உன் அக்காவுக்கு நேரமாகுது. கொண்டுபோய் சேர்த்துடு. நான் இங்க இருந்துக்கறேன்."

"நீங்க வரல?"

"வண்டிய யாரு பாத்துக்கறது?"

ரொட்டித் தட்டுகளுக்கு நடுவே, முட்டியை மடக்கிக்கொண்டு, சூடான ரொட்டி வாசனையோடு அந்த அம்மாள் தலைமை ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தார். பெயர் கூப்பிட்டுக்கொண்டிருந்தபோது உள்ளே நுழைந்தார். நடந்ததை அன்று மாலை வீட்டில் தம்பியிடம் சொன்னார். ரேஸ்காரர் கதவோரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"மொதல் கேள்வியே என்ன தெரியுமா? மானிட்டர்ல எல்லாம் சரியா காட்டுது, ஆனா நோயாளி மூச்சுத் திணறுறாரு, நீங்க எதை நம்புவீங்கன்னு கேட்டாங்க."

"நீ என்னக்கா சொன்னே?"

"ஆளைத்தான் சார் பாப்பேன், மானிட்டரை அப்புறம் பாத்துக்கலாம்னேன். எப்படி இவ்வளவு உறுதியா சொல்றீங்கன்னாங்க. வீட்டுப் பழக்கம் சார்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துடுச்சு. அடக்கிக்கிட்டேன்."

சில வாரத்தில் உத்தரவு வந்தது. தலைமை நர்ஸ். ரேஸ்காரர் தெரு முழுக்கச் சொன்னார், கண் கலங்கச் சொன்னார். சொல்லும்போது ஒன்றையும் சேர்த்துக்கொண்டார்: "அந்த மீட்டர் மட்டும் இல்லேன்னா அவளுக்கு அந்தப் பதில் தோணியிருக்குமா?"

சரி, இப்போதாவது முள்ளைக் கழற்றிச் சரியான இடத்தில் வைத்தாரா? நீங்கள் இந்த இனத்தை இன்னும் புரிந்துகொள்ளவில்லை. கழற்றினால் வெள்ளை டயலில் கீறல் விழாதா? "ரொம்ப சுலபம்" என்கிறார். "பாதி காட்டினா காலின்னு வச்சுக்கணும். நூறு காட்டினா எண்பதுன்னு வச்சுக்கணும். பழகிட்டா ஒண்ணும் தெரியாது." மனைவி இப்போது ஆஸ்பத்திரிக்குத் தம்பியின் வேனில் போகிறார். புதுப் பதவிக்கு ரொட்டி வாசனை பொருத்தமாகத்தான் இருக்கிறது.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். சிரித்து முடித்ததும் தலையைத் தூக்கி உங்கள் வீட்டுச் சுவர்க் கடிகாரத்தைக் கொஞ்சம் பாருங்கள். பத்து நிமிடம் முன்னால் ஓடுகிறதல்லவா? முன்னால் தள்ளி வைத்தது யார்? ஒவ்வொரு காலையும் அதைப் பார்த்துப் பதறி, உடனே பத்து நிமிடத்தைக் கழித்துவிட்டு, "இன்னும் நேரமிருக்கு" என்று திரும்பிப் படுப்பது யார்?

டயல் என்ன நிறம் என்று நான் கேட்கவில்லை.