ஏழு சீட் வண்டி நமக்கு எதற்கு?

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் நலம். நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகள் இருவரும் எந்தக் குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்பதே இங்கே எங்களுக்கு எப்போதும் உள்ள நினைப்பு.

போன மாதம் நீ போனில் சொன்னதை நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. "பிள்ளைங்க ஒரு இடத்துல உட்கார மாட்டாங்கப்பா. சைக்கிள், நீச்சல், மலையேத்தம்னு பழகிட்டாங்க. உங்க சின்ன கார்ல அடைச்சு எங்கே கூட்டிட்டுப் போறது?" என்றாய். இந்த விடுமுறைக்கும் நீங்கள் வரவில்லை. நாலு வருஷம் ஆயிற்று. அது கிடக்கட்டும். பார்ப்பதில் என்ன தப்பு என்று, பெட்டிக்குச் சக்கரம் வைத்த மாதிரி இருக்கிறதே, அந்தப் பெரிய வண்டியைப் பார்க்கப் போனோம்.

கிடங்கில் முப்பது வருஷம் குப்பை கொட்டியவன் நான். எதற்குள் எது அடங்கும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வண்டி விற்பவர் வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டார். ஆறு பேர் என்று வாயில் வந்துவிட்டது. உன் அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். சோதித்துப் பார்க்க மாடி வீட்டுக்காரரிடம் இரண்டு சைக்கிள் இரவல் வாங்கிப் போயிருந்தேன். பின் சீட்டை மடக்கினால் சைக்கிள் ஏறுகிறது, ஆளுக்கு இடமில்லை. நிமிர்த்தினால் ஆள் ஏறலாம், சைக்கிள் தெருவில் நிற்கிறது. நான் விடுவேனா, பெடலைக் கழற்றி, ஹேண்டில் பாரைத் திருப்பி, ஒருவழியாகத் திணித்ததில் அது சீட் பெல்ட்டில் மாட்டிக்கொண்டது, அதை எடுத்துவிட வண்டி விற்பவர் உள்ளே தவழ்ந்து போனார், அந்த நேரம் பார்த்துப் பின்கதவு எப்படி மூடுகிறது என்று நான் மூடிப் பார்த்தேன். நன்றாகவே மூடுகிறது. பூட்டும் தானாக விழுந்துவிடுகிறது. சாவி அவர் பாக்கெட்டில், அவர் கை சைக்கிள் சக்கரத்துக்குள். மாற்றுச் சாவி வர அரை மணி நேரம் ஆயிற்று. அதுவரை உன் அம்மா கண்ணாடிப் பக்கம் நின்று, அவர் தன் அம்மாவைப் போய்ப் பார்த்து எத்தனை நாளாகிறது என்று விசாரித்துக்கொண்டிருந்தாள்.

ஆகவே தீர யோசித்துவிட்டேன். அந்த வண்டி நம் தெருமுனையில் திரும்பாது. உன் அம்மா ஏறி இறங்க முக்காலி வேண்டும். ரெண்டு பேர் காய்கறி வாங்கிவர ஏழு சீட் எதற்கு? வேண்டாம் என்று முடிவு செய்தாயிற்று. நீங்களும் எங்களை நினைத்து அலைய வேண்டாம், தோதுப்படும்போது வந்தால் போதும். பிள்ளைகள் நன்றாக ஓடியாடி நூறு வருஷம் இருக்கட்டும்.

இப்படிக்கு,
அப்பா

பின்குறிப்பு: அம்மா எழுதுகிறேன். தபாலில் போடச் சொல்லி அப்பா என்னிடம் கொடுத்தார், பிரித்துப் படித்துவிட்டேன். அந்த வண்டியை வாங்கிப் பன்னிரண்டு நாளாகிறது, வாசலில்தான் நிற்கிறது. பின் சீட்டில் பிளாஸ்டிக் உறை அப்படியே இருக்கிறது. நான் கிழிக்கப் போனேன், விடவில்லை. "புது உறையைக் கிழிக்கிறதுன்னா பிள்ளைங்களுக்குக் கொண்டாட்டம். அவங்களே வந்து கிழிக்கட்டும்" என்கிறார். தினமும் அந்த உறையைத் துடைத்துவிட்டு வருகிறார். உன்னைக் கூப்பிட அவருக்குத்தான் கூச்சம். எனக்கு ஒரு கூச்சமும் இல்லை. உங்களைப் பார்க்காமல் எங்களால் முடியவில்லை. வாங்க.